பதிப்புரிமைச் சட்டத்துக்கும் பாதுகாப்பு ஓட்டைக்கும் என்ன சம்பந்தம்?

பிப்ரவரி 4, மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

பாதுகாப்பு ஆய்வாளர்கள் எதற்கெடுத்தாலும் பதிப்புரிமைச் சட்டத்தைக் குறை சொல்கிறார்கள். அது பாட்டையும் படத்தையும் திருட்டுத்தனமாக நகலெடுப்பதைத் தடுக்க வந்த சட்டம். ஒரு கருவியில் ஓட்டை இருக்கிறது என்று எழுதுபவர் யாருடைய பாட்டையும் நகலெடுக்கவில்லையே, அவருக்கு என்ன பயம்? ஓட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதியதற்காக இந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்ற ஒரே ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 4, இரவு

பெயர் கேட்டால் கிடைக்காது. கட்டுரை எழுதியதற்காக மட்டும் இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஆய்வாளர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் வெளியே வராமல் போன கட்டுரைகளைத் தெரியும், அதில் ஒன்று என்னுடையது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நகலெடுப்பதைத் தடுக்கும் பகுதி பழையது, அதனால் ஆய்வாளர்களான எங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. 1996இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஒரு பதிப்புரிமை ஒப்பந்தம் கொண்டுவந்தது. படைப்புகளுக்குப் போட்டிருக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதற்கு எதிராகவும் நாடுகள் சட்டம் போட வேண்டும் என்றது அது. அமெரிக்கா 1998 அக்டோபரில் டி.எம்.சி.ஏ. (டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம்) என்ற சட்டத்தைப் போட்டது, அதில் 1201ஆம் பிரிவுதான் நாம் பேசுவது. பூட்டைத் தாண்டுவது ஒரு தப்பு. பூட்டைத் தாண்ட உதவும் கருவியையோ நிரலையோ பிறருக்குக் கொடுப்பது தனித் தப்பு. தெரிந்தே, காசு பார்க்கும் நோக்கத்தில் செய்தால் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் டாலர் வரை அபராதம். காசு நோக்கம் இல்லாவிட்டாலும் சிவில் வழக்கு உண்டு, ஒவ்வொரு மீறலுக்கும் 200 முதல் 2,500 டாலர் வரை நஷ்டஈடு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தின் கண்ணில் மென்பொருளும் ஒரு எழுத்துப் படைப்பு. ஒரு கேமராவுக்குள், காருக்குள், இதயத்துக்குப் பொருத்தும் பேஸ்மேக்கருக்குள் ஓடும் ஃபர்ம்வேர், அதாவது கருவியை இயக்கும் உள்மென்பொருள், எல்லாமே படைப்பு. சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி அதை நிறுவனம் குறியாக்கம் செய்து வைத்திருந்தால் அந்தக் குறியாக்கம் ஒரு பூட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் அதைப் பிரித்தால் நான் பூட்டைத் தாண்டியவன். பாட்டுக்காகப் போட்ட வேலி இப்படித்தான் எல்லாக் கருவிகளையும் சுற்றி நிற்கிறது.

பிப்ரவரி 5, காலை

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். பூட்டைத் தாண்டியவர் அதன்பிறகு எதையாவது திருடியிருக்க வேண்டுமா என்பதில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. 2004இல் கார் நிறுத்தும் ஷெட்டின் கதவைத் திறக்கும் ரிமோட் பற்றிய ஒரு வழக்கு. பதிப்புரிமை மீறலோடு தொடர்பே இல்லாத இடத்தில் இந்தப் பிரிவைக் கொண்டுவர முடியாது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. 2010இல் ஒரு கணினி விளையாட்டு வழக்கில் இன்னொரு நீதிமன்றம் அந்தத் தொடர்பு தேவையில்லை என்றது. ஆக நீங்கள் எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வேலை சட்டப்படியானதா இல்லையா என்பது மாறும். ஆய்வறிக்கை எழுத உட்காருபவர் இதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் எழுதவேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 5, இரவு

கணினி விஞ்ஞானி எட்வர்ட் ஃபெல்டன் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது.

2000 செப்டம்பரில் இசைத் துறையின் ஒரு கூட்டமைப்பு, எஸ்.டி.எம்.ஐ. என்று பெயர், தன்னுடைய பாதுகாப்புத் தொழில்நுட்பங்களை உடைத்துக் காட்டுங்கள் என்று உலகத்துக்கே பகிரங்க அழைப்பு விட்டது. பரிசு 10,000 டாலர் வரை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபெல்டனும் ரைஸ் பல்கலைக்கழகம், ஜெராக்ஸைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து அதில் இருந்த டிஜிட்டல் வாட்டர்மார்க் (பாட்டுக்குள் ஒளித்து வைக்கும் அடையாளம்) முறைகளை முறியடித்தார்கள். பரிசு வேண்டுமென்றால் ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் போடவில்லை, பரிசை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதினார்கள். 2001 ஏப்ரல் 9ஆம் தேதி கடிதம் வந்தது. வெளியிட்டால் டி.எம்.சி.ஏ. பாயலாம் என்று. பிட்ஸ்பர்க் கருத்தரங்கில் ஏப்ரல் 26 அன்று படிக்க வேண்டிய கட்டுரையை அன்றே விலக்கிக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை அனுப்பியவர்கள் பிற்பாடு, வழக்குப் போடும் எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை என்று சொன்னார்கள்.

ஜூன் மாதம் ஃபெல்டன் தரப்பு தானாகவே நீதிமன்றத்துக்குப் போனது, எங்களுக்கு வெளியிட உரிமை உண்டு என்று அறிவியுங்கள் என்று கேட்டு. ஆகஸ்டில் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் கட்டுரையும் வெளியாகிவிட்டது. நவம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கட்டுரைதான் வந்துவிட்டதே, மிரட்டலும் வாபஸ் ஆகிவிட்டதே, தீர்க்க என்ன இருக்கிறது என்பதுதான் காரணம்.

எனக்கு இந்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். மிரட்டல் விடுவதற்குச் செலவு ஒரு தபால். அதை வாபஸ் வாங்கச் செலவே இல்லை. வாபஸ் வாங்கிவிட்டால் நீதிமன்றம் பதில் சொல்லாது, பதில் சொல்லாததால் அடுத்த கடிதத்துக்கும் அதே பலம் இருக்கும். கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும்: தண்டனை பெற்றவர் பட்டியல் காலியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 6

மேலே ஒருவர், “கட்டுரை கடைசியில் வந்துவிட்டதே, நான்கு மாதத் தாமதம் அவ்வளவு பெரிய விஷயமா” என்று கேட்டிருக்கிறார். ஃபெல்டன் பின்னால் ஒரு பெரிய பல்கலைக்கழகமும் மின்னணு உரிமைகளுக்காகப் போராடும் இ.எஃப்.எஃப். அமைப்பின் வக்கீல்களும் இருந்தார்கள். அப்படி யாரும் இல்லாதவர் என்ன செய்வார் என்பதற்கும் அதே 2001இல் உதாரணம் இருக்கிறது. நீல்ஸ் ஃபெர்குசன், டச்சுக்காரர், குறியாக்க நிபுணர். டி.வி.க்கும் பிளேயருக்கும் இடையே படத்தைப் பூட்டும் எச்.டி.சி.பி. முறையில் அடிப்படையான குறை இருக்கிறது, நான்கு கணினியும் 50 திரைகளும் இருந்தால் விஷயம் தெரிந்தவர் இரண்டு வாரத்தில் தலைமைச் சாவியையே எடுத்துவிடலாம் என்றார். ஆனால் கட்டுரையை வெளியிட மாட்டேன் என்றார். அமெரிக்காவுக்கு வேலையாகப் போய்வருபவர் அவர், கால் வைத்ததும் கைது என்றால் யார் ரிஸ்க் எடுப்பார்கள்?

அந்த பயம் கற்பனை இல்லை. அந்த ஜூலை 16ஆம் தேதிதான் ரஷ்ய நிரலாளர் டிமித்ரி ஸ்க்லியாரோவை லாஸ் வேகாஸில் பிடித்தார்கள், டெஃப்கான் மாநாட்டில் மின்நூல் பூட்டுகளின் பலவீனம் பற்றிப் பேசிவிட்டு ஊர் திரும்பக் கிளம்பும்போது. துல்லியமாகச் சொல்ல வேண்டும்: அவர் மீதான குற்றச்சாட்டு பேச்சுக்காக இல்லை, அவருடைய நிறுவனமான எல்காம்சாஃப்ட் விற்ற, அடோபி மின்நூல் பூட்டை நீக்கும் மென்பொருளுக்காக. அதை அவர் எழுதியது ரஷ்யாவில். மூன்று வாரம் சிறை, ஜாமீன், டிசம்பரில்தான் ஊர் திரும்ப முடிந்தது. கைதுக்குக் காரணமான புகாரைக் கொடுத்த அடோபியே ஒரே வாரத்தில் அவரை விடுங்கள் என்றது. 2002 டிசம்பரில் எல்காம்சாஃப்ட் நிரபராதி என்று ஜூரி சொல்லிவிட்டது. தண்டனை இல்லைதான். ஆனால் அன்று வெளிநாட்டில் இருந்த ஆய்வாளர்கள் யாரும் அதை ஜெயித்த கதையாகப் படிக்கவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பராமரித்த ஆலன் காக்ஸ் அந்த ஆண்டுக் கடைசியில் 2.2.20 பதிப்பை வெளியிட்டபோது, பாதுகாப்புத் திருத்தங்கள் என்னென்ன என்ற விவரத்தை மாற்றக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார், இந்தச் சட்டத்தைக் காரணம் சொல்லி. ஓட்டையை அடைத்தவர், எதை அடைத்தேன் என்று சொல்ல முடியாத நிலை!

எச்.டி.சி.பி. தலைமைச் சாவி 2010 செப்டம்பரில் இணையத்தில் வந்துவிட்டது, அது உண்மையானதுதான் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஒன்பது ஆண்டு மௌனத்தால் அந்தப் பூட்டு பிழைக்கவில்லை.

பிப்ரவரி 8

சரி, என் கதை.

வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் ஒரு கருவி. நான் காசு கொடுத்து வாங்கியது, என் மேஜையில் இருந்தது. அப்டேட் ஃபைல் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. உள்ளே பலகையில் இருந்த, மென்பொருளைச் சேமித்து வைக்கும் ஃப்ளாஷ் சிப்பைப் படித்தால் சாவி அங்கேயே கிடந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே மாற்ற முடியாத ஒரு நிர்வாகக் கடவுச்சொல், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சொல். அதோடு வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்கும் ஒரு சேவை. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இத்துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். பொறியாளர் ஒருவர் அருமையாகப் பதில் போட்டார், நன்றி சொன்னார், இன்னும் விவரம் கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார், மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்து வந்தது வக்கீல் நோட்டீஸ். உரிம ஒப்பந்தத்தை மீறினீர்கள், பதிப்புரிமை உள்ள ஃபர்ம்வேரைப் பிரித்தீர்கள், தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தாண்டினீர்கள், எடுத்த நகல்களை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி கொடுங்கள். கடவுச்சொல் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். நல்ல மனிதர், படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: வழக்கு வந்தால் அநேகமாக ஜெயிப்பீர்கள், ஆனால் ஜெயிப்பதற்கு ஆகும் செலவை யாரும் திருப்பித் தர மாட்டார்கள், அதற்குள் சில ஆண்டுகள் போய்விடும், உங்களை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் ஒரு கடிதம் போகலாம். நான் வெளியிடவில்லை. ‘இந்த வகைக் கருவிகளில் இப்படி ஒரு பலவீனம் இருக்கிறது, கவனமாக இருங்கள்’ என்று பெயரில்லாமல், வழியில்லாமல் இரண்டு பத்தி மட்டும் எழுதினேன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ளவும் முடியாது. எந்த மாடல் என்று தெரியாமல் யார் எதைக் கழற்றி வைப்பார்கள்? சரிபார்க்க வழி கொடுக்காத ஆய்வை இன்னொரு ஆய்வாளர் எப்படி நம்புவார்?

அந்த ஓட்டை அடைக்கப்பட்டதா என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. கருவி விற்பனையில் இருந்த காலம் முழுக்க இது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 9

“ஆய்வாளருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நிற்கும் சி.இ.ஆர்.டி. மாதிரி ஒருங்கிணைப்பு அமைப்பு வழியாகப் போயிருக்கலாமே” என்கிறார்கள் இருவர். போகலாம், நல்ல வழிதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சி.இ.ஆர்.டி. மையம் தகவல் கிடைத்து 45 நாளில் வெளியிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறது, கூகுளின் ஓட்டை தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோ நிறுவனங்களுக்கு 90 நாள் கொடுக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள், இந்த வழிகள் எப்போது வெளியிடுவது என்ற கேள்வியைத்தான் தீர்க்கின்றன. பூட்டைத் தாண்டியது நான். அந்தச் செயல் நடுவில் யாரை வைத்தாலும் என் பெயரில்தான் இருக்கும்.

நிறுவனத்தோடு பொறுப்பாகப் பேசியவருக்கே கடிதம் வருவது புதிதும் இல்லை. 2002 ஜூலையில் எச்.பி. நிறுவனத்தின் ட்ரூ64 யூனிக்ஸில் இருந்த ஓட்டையைக் காட்டும் நிரல் ஒன்று வெளியானபோது, ஸ்னோசாஃப்ட் என்ற சிறு ஆய்வுக் குழுவுக்கு எச்.பி. டி.எம்.சி.ஏ.வைக் காட்டிக் கடிதம் போட்டது, 5 லட்சம் டாலர், 5 ஆண்டு எல்லாம் அதில் இருந்தது. பாட்டும் இல்லை, படமும் இல்லை, சுத்தமாக ஒரு இயங்குதள ஓட்டை. கண்டனம் கிளம்பியதும் சில நாளில் எச்.பி. பின்வாங்கியது. 2015இல் மின்னணுப் பூட்டு ஒன்றின் பலவீனத்தை ஐ.ஓ.ஆக்டிவ் ஆய்வாளர்கள் வெளியிடப் போனபோதும், சைபர்லாக் நிறுவனத்தின் வக்கீல்கள் இதே சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதினார்கள். நிஜப் பூட்டின் ஓட்டைக்கும் பதிப்புரிமை!

பிப்ரவரி 10

தாமதம் பெரிய விஷயமா என்று கேட்டவருக்கு இன்னொரு பதில் தர வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. 2005, சோனி பி.எம்.ஜி. இசைத்தட்டுகள்.

எக்ஸ்.சி.பி. என்ற நகல் தடுப்பு மென்பொருள், தட்டைக் கணினியில் போட்டதும் தன்னை ஒளித்துக்கொள்ளும் ரூட்கிட்டோடு உட்கார்ந்துவிடும். ஒரு குறிப்பிட்ட முன்னொட்டில் பெயர் தொடங்கும் எந்த ஃபைலையும் விண்டோஸின் கண்ணிலிருந்து மறைக்கும், சோனியின் ஃபைலாக இருந்தாலும் சரி, வைரஸாக இருந்தாலும் சரி. விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் இதை அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். அடுத்த மாதமே அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தும் வைரஸ்கள் வந்தன. 52 ஆல்பங்கள், சுமார் 47 லட்சம் தட்டுகள் தயாராகி 21 லட்சம் விற்றிருந்தன. கடைசியில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள்.

இதில் என்னைத் தைப்பது வேறு. பிரின்ஸ்டனில் ஃபெல்டனும் அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மனும் ருசினோவிச்சுக்கு முன்பே அந்த மென்பொருளின் ஆபத்தைப் பார்த்துவிட்டார்கள். வெளியிடவில்லை, வக்கீல்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஹால்டர்மனுக்கு ஏற்கெனவே அனுபவம் இருந்தது: 2003இல் இன்னொரு இசைத்தட்டுப் பூட்டை ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தே தாண்டலாம் என்று எழுதியதற்கு சன்காம் நிறுவனம் வழக்குப் போடுவேன் என்று அறிவித்து மறுநாளே விட்டுவிட்டது. சூடு கண்டவர் அடுத்த முறை முதலில் வக்கீலைத்தான் தேடுவார். அந்த வாரங்களில் தட்டை வாங்கிப் போட்டவர்கள் கணினியில் எல்லாம் அது இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு மாதமோ நான்கு வாரமோ, தாமதத்தின் விலையைக் கொடுப்பது ஆய்வாளர் இல்லை.

பிப்ரவரி 12

விதிவிலக்குகள் பற்றிக் கேட்டவர்களுக்கு. இருக்கின்றன, அதில் உண்மையான முன்னேற்றமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

சட்டத்திலேயே குறியாக்க ஆய்வுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் நிரந்தர விலக்கு எழுதியிருக்கிறார்கள். ஆனால் கணினியின் உரிமையாளரின் அனுமதி வேண்டும், சோதனைக்காக மட்டுமே செய்திருக்க வேண்டும், கிடைத்த தகவலை எப்படிப் பயன்படுத்தினீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். தன் நெட்வொர்க்கைச் சோதிக்க நிறுவனம் ஆள் வைத்தால் இது பொருந்தும். கடையில் வாங்கிய கருவியைப் பிரித்து உலகத்துக்குச் சொல்ல நினைப்பவருக்கு இந்தச் சட்டை பொருந்துமா பொருந்தாதா என்றே தெரியாது.

இன்னொரு வழி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்ற நூலகர் அறிவிக்கும் தற்காலிக விலக்கு. 2006இல் சோனி விவகாரத்தைத் தொடர்ந்து இசைத்தட்டுகளுக்கு மட்டும். 2010இல் கணினி விளையாட்டுகளுக்கு மட்டும். 2015 அக்டோபரில்தான் நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்குப் பொதுவான விலக்கு வந்தது, நுகர்வோர் கருவிகள், கார்கள், சில மருத்துவக் கருவிகள் என்ற வரம்போடு, அதுவும் ஓராண்டு கழித்து அமலுக்கு. 2018இல் கருவி வகை வரம்பை எடுத்தார்கள். 2021இல், வேறு ஏதாவது சட்டத்தை மீறியிருந்தால் இந்த விலக்கும் போய்விடும் என்ற மோசமான நிபந்தனையை எடுத்தார்கள். 2017 டெஃப்கானில் வாக்கு இயந்திரங்களை மேஜையில் வைத்து எல்லோரும் பிரித்துப் பார்க்க முடிந்ததற்கு 2015 விலக்கு ஒரு பெரிய காரணம். 2024 அக்டோபரில், செயற்கை நுண்ணறிவு மாடல்களின் பாகுபாடு போன்ற குறைகளைச் சோதிப்பவர்களுக்கும் விலக்கு கேட்டார்கள், கிடைக்கவில்லை.

2015 விசாரணையில் நடந்த ஒன்றை மறக்கவே முடியாது. கார் மென்பொருளைப் பிரித்துப் பார்க்க விலக்கு கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே ஜூலையில் எழுதியது. மக்கள் மென்பொருளை மாற்றிப் புகை விதிகளை மீறுவார்கள் என்பது அவர்கள் கவலை. செப்டம்பர் 18 அன்று அதே முகமை வோக்ஸ்வேகனுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் வைத்திருந்தது அந்த நிறுவனமே. அதை வெளிக்கொண்டுவந்தது வண்டியின் பின்னால் கருவி மாட்டிப் புகையை அளந்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார், யாரும் மென்பொருளைத் திறந்து பார்த்து இல்லை. 2017இல் ஆய்வாளர்கள் ஃபர்ம்வேரைப் பிரித்து அந்த ஏமாற்று எப்படி எழுதப்பட்டிருந்தது என்று வரிவரியாகக் காட்டினார்கள். முன்பே பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 13

முதல் நாள் சொன்ன இரண்டு தப்புகளுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ‘அப்புறம் என்ன, 2015லேயே தீர்ந்துவிட்டதே’ என்று எழுதியிருக்கிறார்கள்.

தீரவில்லை. நூலகர் விலக்குக் கொடுக்க முடிவது பூட்டைத் தாண்டும் செயலுக்கு மட்டும். கருவியைப் பரப்பும் தப்புக்கு விலக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரமே இல்லை. அதாவது நீங்கள் உங்கள் மேஜையில் பிரித்துக்கொள்ளலாம். எப்படிப் பிரித்தேன் என்று வேலை செய்யும் நிரலோடு எழுதினால் அந்த நிரல் ‘கருவி’ ஆகுமா? எழுதும்போது கை நிற்கும் இடம் இதுதான். டி.வி.டி. பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்ட ‘2600’ என்ற ஹேக்கர் இதழின் வழக்கில், நிரலும் பேச்சுதான் என்று ஒப்புக்கொண்டே தடையை உறுதி செய்தது மேல்முறையீட்டு நீதிமன்றம், 2001 நவம்பரில், ஃபெல்டன் வழக்கு தள்ளுபடியான அதே மாதம். மேத்யூ க்ரீன், ஆண்ட்ரூ ஹுவாங் இருவரும் 2016இல் இந்தப் பிரிவே பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார்கள். க்ரீன் குறியாக்கப் பேராசிரியர், ஹுவாங் எக்ஸ்பாக்ஸைப் பிரித்து எழுதிய புத்தகத்தைப் பதிப்பகம் இந்தச் சட்டத்துக்குப் பயந்து கைவிட்டதால் 2003இல் தானே வெளியிட்டவர். 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை, சட்டம் நிற்கிறது.

நான் நினைப்பது இதுதான்: இந்தச் சட்டம் உடைப்பவர்களைத் தடுக்கவில்லை, உடைப்பவர் யாரும் அறிக்கை எழுதுவதில்லை. சொல்பவர்களைத்தான் தடுக்கிறது.

பிப்ரவரி 16

தனியாக ஒரு குறிப்பு, நீக்கல் நோட்டீஸ் பற்றி. இது 512ஆம் பிரிவு, வேறு விஷயம், ஆனால் விளைவு ஒன்றுதான். பதிப்புரிமை மீறல் என்று சொல்லி ஒரு கடிதம் போட்டால் தளங்கள் முதலில் நீக்கிவிட்டு அப்புறம்தான் கேட்கும். நீங்கள் மறுப்பு அனுப்பினாலும் திரும்ப வர 10 முதல் 14 வேலை நாள் ஆகும். 2003இல் டீபோல்ட் நிறுவனம் தன் வாக்கு இயந்திரக் குறைகளைப் பற்றி ஊழியர்கள் பேசிக்கொண்ட மின்னஞ்சல்களை மாணவர்கள் வெளியிட்டபோது இதைத்தான் செய்தது. 2004இல் நீதிமன்றம் டீபோல்ட் தெரிந்தே தவறான உரிமை கோரியது என்றது, 1,25,000 டாலர் கட்ட வைத்தது. ஆய்வாளர் பக்கம் நீதிமன்றம் உறுதியாக நின்ற ஒரு தீர்ப்பு, மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

2020 அக்டோபரில் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து, யூடியூப் வீடியோக்களை இறக்கும் யூடியூப்-டி.எல். நிரல் நீக்கப்பட்டதும் பூட்டைத் தாண்டும் கருவி என்ற புகாரில்தான். நவம்பரில் திரும்ப வைத்தார்கள், இந்தமாதிரிப் புகார்களை இனி நிபுணர்களை வைத்துப் பார்ப்போம் என்றார்கள், நிரலாளர்களின் சட்டச் செலவுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். ஒரு தளம் மனம் வைத்தால் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

பிப்ரவரி 19

நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஓட்டையை அடைக்கும் முன்பே பெருமைக்காக வெளியிடுபவர்கள் உண்டு, மிரட்டிப் பணம் கேட்பவர்கள் உண்டு, எங்கள் பக்கத்தையும் பாருங்கள் என்று. பார்க்கிறேன். நானே அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் மிரட்டிப் பணம் பறிப்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, பிறர் கணினிக்குள் நுழைவதற்கும் இருக்கிறது. பதிப்புரிமையை அந்த இடத்தில் கொண்டுவந்து வைக்கும்போது நல்லெண்ணத்தோடு வந்தவரும் மாட்டுகிறார், ஏனென்றால் அது நோக்கத்தைக் கேட்பதில்லை.

நோக்கத்தைக் கேட்கும் சட்டமும் எழுத முடியும். இந்தியா 2012இல் சேர்த்த 65அ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டைத் தாண்டினால்தான் குற்றம் என்கிறது, குறியாக்க ஆய்வுக்கும் உரிமையாளர் அனுமதியோடு நடக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் விலக்கும் வைத்திருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021 அக்டோபரில், ஒரு நிரலை முறையாக வாங்கியவர் பிழையைத் திருத்துவதற்காக அதைப் பிரித்துப் பார்க்கலாம் என்றது. இரண்டுமே முழுத் தீர்வு இல்லை. ஐரோப்பியத் தீர்ப்பு திருத்துவதைப் பற்றிப் பேசுகிறது, வெளியிடுவதைப் பற்றி இல்லை. இருந்தாலும் ‘திருடும் எண்ணம் இருந்ததா’ என்ற ஒரே கேள்வியை 1201இல் சேர்த்தால் எனக்கு வந்த கடிதம் எழுதப்பட்டிருக்காது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே 2017 அறிக்கையில் நிரந்தர விலக்கை விரிவாக்கலாம் என்று நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. இன்னும் நடக்கவில்லை.

பிப்ரவரி 24

புதிதாக இத்துறைக்கு வந்திருக்கும் ஒருவர், கையில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். நான் வக்கீல் இல்லை, என் அனுபவத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

கருவி உங்களுடையதாக இருக்கட்டும், பில்லைப் பத்திரமாக வையுங்கள். எதை எப்போது எதற்காகச் செய்தீர்கள் என்று நாட்குறிப்பு எழுதுங்கள். நல்லெண்ணம் என்பதைப் பிறகு காட்ட வேண்டி வந்தால் அதுதான் பேசும். நிறுவனத்துக்கு எழுதும் முன் அவர்களுடைய பக் பவுண்டி (ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசு தரும் திட்டம்) நிபந்தனைகளைப் படியுங்கள். ‘வழக்குத் தொடர மாட்டோம்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது, பூட்டைத் தாண்டியதற்காகவும் டி.எம்.சி.ஏ. கோரிக்கை வைக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பல நிறுவனங்கள் இப்போது அப்படியே எழுதுகின்றன. முதல் கடிதத்தில் ஓட்டையையும் அதன் ஆபத்தையும் சொல்லுங்கள், ஃபர்ம்வேரை எப்படித் திறந்தீர்கள் என்ற கதையை அதில் சேர்க்க வேண்டியதில்லை. அறிக்கையில் அவர்கள் நிரலை அப்படியே பக்கம் பக்கமாக ஒட்டாதீர்கள், தேவையான சில வரி போதும். நோட்டீஸ் வந்தால் தனியாகப் பதில் எழுத உட்காராதீர்கள், இ.எஃப்.எஃப். போன்ற அமைப்புகள் ஆய்வாளர்களுக்கு இதில் உதவுகின்றன.

பிப்ரவரி 25

நேற்றையதில் ஒன்று சேர்க்க வேண்டும். அடுத்த விலக்கு விசாரணை 2027க்கானது. இந்தச் சட்டத்தால் ஆய்வு நின்றுபோனது என்பதற்குச் சான்று கேட்பார்கள், நின்றுபோன ஆய்வுக்குச் சான்று காட்டுவதுதான் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் கடிதம் வந்தவர்கள் அதைத் தூக்கிப் போடாதீர்கள். நான் என்னுடையதை எடுத்து வைத்திருக்கிறேன், இந்த முறை அனுப்பப்போகிறேன். இங்கே தனிச்செய்தியில் இதே மாதிரிக் கடிதம் தங்களுக்கும் வந்தது என்று சொன்னவர்களும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், பெயரை மறைத்தாவது.